அழித்து நிறுவுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்ததையொட்டி, புதிய இயங்குதளத்துக்கு மாறுவது எப்படி என்று விளக்கும் குறிப்புகள் தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் வெளிவருகின்றன. மாறும் வழியை அவை தெளிவாகவே சொல்கின்றன. ஆனால் மாறிய மறுநாள், அதுவரை ஒழுங்காக ஓடிய மென்பொருள் திறக்க மறுத்தால், அல்லது திறந்து பாதியில் மூடிக்கொண்டால் என்ன செய்வது என்ற இடம் வந்ததும், மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுங்கள், அதற்கும் சரியாகாவிட்டால் கணினியையே ஃபார்மட் செய்யுங்கள் என்ற ஒரே வரியோடு நின்றுவிடுகின்றன. கணினிப் பராமரிப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் அந்த ஒரு வரியை மறுப்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மறுநிறுவல் சில நேரங்களில் பலன் தரும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மென்பொருளின் கோப்பு ஏதேனும் சிதைந்திருந்தால் அது சரியாகிவிடும். ஆனால் இயங்குதளம் மாறிய கையோடு தோன்றும் கோளாறுகளில் கோப்புச் சிதைவு அபூர்வம். மென்பொருள் இருந்தபடியேதான் இருக்கிறது. அதைச் சூழ்ந்திருந்த விதிகள் மாறிவிட்டன. அதே மென்பொருளை அதே புதிய விதிகளுக்குள் மறுபடி கொண்டுவந்து வைத்தால் அதே கோளாறுதான் மறுபடி வரும். இடையில் பயனர் செய்துவைத்த அமைப்புகள் போய்விடும். இத்தனை முறைதான் செயலாக்கலாம் என்று வரம்புள்ள உரிமங்களில் ஒரு வாய்ப்பு வீணாகும். கோளாறு எங்கே என்று காட்டக்கூடிய பதிவுகளும் சிலவேளை அழிந்துவிடும். ஆகவே எதையும் நீக்குவதற்கு முன் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பழைய இயங்குதளம் இந்த மென்பொருளுக்கு எதை அனுமதித்திருந்தது, புதியது அதில் எதை மறுக்கிறது?

இந்தக் கேள்வி கணினித் துறைக்குப் புதிதல்ல. விண்டோஸ் 3 காலத்துச் சிம்சிட்டி விளையாட்டில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. தான் விடுவித்துவிட்ட நினைவகப் பகுதியையே அது உடனே மறுபடி படித்தது. பழைய சூழலில் அந்தப் பகுதியை வேறெதுவும் உடனடியாக எடுத்துக்கொள்ளாததால் பிழை வெளியே தெரியவில்லை; விண்டோஸ் 95 உருவாகி வந்தபோது விளையாட்டு நொறுங்கியது. அந்த இயங்குதளத்தை எழுதியவர்கள், ஓடுவது சிம்சிட்டிதானா என்று பார்த்து, ஆமெனில் விடுவிக்கப்பட்ட நினைவகத்தை உடனே திரும்ப எடுக்காத தனி முறைக்கு மாறும்படி செய்துவைத்தார்கள். 2010-இல் ஃபெடோரா 14 லினக்ஸுக்கு மாறியவர்கள், இணையத்தில் காணொளி ஓட்டப் பயன்பட்ட ஃபிளாஷ் பிளேயரின் ஒலி கரகரப்பதைக் கண்டதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். நினைவகத்தில் ஓரிடத்துத் தரவை இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் மெம்காப்பி என்ற செயற்கூறு, நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஜிலிப்சி என்ற நூலகத்தின் புதிய பதிப்பில், சில வகை நுண்செயலிகள் கொண்ட கணினிகளில் வேறு திசையில் நகலெடுக்கத் தொடங்கியிருந்தது. ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதிகளுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது முன்பே எழுதப்பட்ட விதி. ஃபிளாஷ் அதை மீறிக்கொண்டே அதுவரை சிக்கலின்றி ஓடியிருந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தப் பிழை அறிக்கையின் விவாதத்தில் நுழைந்து, விதி யார் பக்கம் இருந்தாலும் பயனரிடம் ஓடிக்கொண்டிருந்த ஒன்று நின்றுபோவதை ஏற்க முடியாது என்று வாதாடினார். பிறகு ஜிலிப்சி 2.14 பதிப்பில், பழைய நிரல்களுக்குப் பழைய நடத்தையே கிடைக்க வழி செய்யப்பட்டது. இரண்டு நிகழ்வுகளிலும் பயனர் எத்தனை முறை நீக்கி நிறுவியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது.

வீட்டிலும் சிறு அலுவலகத்திலும் நாம் காணும் கோளாறுகள் இவ்வளவு நுட்பமானவை அல்ல. அவற்றில் முதலிடம் அனுமதிகளுக்கு உரியது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மென்பொருள்கள் பல, தங்கள் தரவுக் கோப்புகளைத் தாங்கள் நிறுவப்பட்ட ப்ரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள்ளேயே எழுதிவந்தன. அப்போது பெரும்பாலானோர் நிர்வாகி உரிமையோடு கணினியைப் பயன்படுத்தியதால் அது நடந்தது. 2007-இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அந்தக் கோப்புறைக்குள் சாதாரணமாக எழுத முடியாது. ஆனாலும் பழைய மென்பொருள் நின்றுவிடக் கூடாது என்பதற்காக, அது அங்கே எழுத முயலும் கோப்பைப் பயனரின் சொந்த இடத்தில் உள்ள வெர்ச்சுவல் ஸ்டோர் என்ற மறைவான கோப்புறைக்கு விண்டோஸ் சத்தமில்லாமல் திருப்பிவிடுகிறது. படிக்கும்போதும் அங்கிருந்தே எடுத்துத் தருகிறது. தன் தரவு எங்கே இருக்கிறது என்பது மென்பொருளுக்கே தெரியாது.

இந்த ஏற்பாட்டின் விளைவு இயங்குதளத்தையோ கணினியையோ மாற்றும்போதுதான் வெடிக்கிறது. பயனர் தன் கணக்கு மென்பொருளின் கோப்புறையை அக்கறையாக நகலெடுத்துப் புதிய கணினியில் வைக்கிறார். திறந்து பார்த்தால் கணக்கு பல மாதங்கள் பின்னோக்கிப் போயிருக்கிறது, அல்லது வெறுமையாக இருக்கிறது. உண்மையான தரவு வெர்ச்சுவல் ஸ்டோரில் பழைய வட்டிலேயே தங்கிவிட்டது. இன்னும் விந்தையான ஒன்றும் உண்டு. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் யோசனை, மென்பொருளை நிர்வாகி உரிமையோடு இயக்கிப் பாருங்கள் என்பது. நிர்வாகி உரிமையோடு ஓடும் நிரலுக்கு இந்தத் திருப்பிவிடல் பொருந்தாது. எனவே அது ப்ரோகிராம் ஃபைல்ஸில் கிடக்கும் பழைய கோப்பைத் திறந்து காட்டும். சரிசெய்ய வந்த யோசனையே தரவு தொலைந்துபோன தோற்றத்தை உண்டாக்கும். அந்த நிலையில் பதறிப்போய் ஃபார்மட் செய்தவருக்குத் தரவு உண்மையாகவே தொலையும். தங்கள் குறிப்பில் உள்ள அந்த ஒரு வரி எனக்கு அச்சமூட்டுவதற்கு இதுவே முதற்காரணம்.

அடுத்தது, கணினி ஒரே நேரத்தில் கையாளும் தரவின் அளவைக் குறிக்கும் 32 பிட், 64 பிட் வேறுபாடு. இதில் ஆராய்வதற்கு அதிகம் இல்லை, தெரிந்துகொண்டால் போதும். விண்டோஸ் 11 கணினிகளுக்கு 64 பிட் வடிவில் மட்டுமே வருகிறது. 32 பிட் மென்பொருள் அதில் ஓடும், 16 பிட் மென்பொருள் ஓடாது, அச்சுப்பொறி போன்ற சாதனங்களை இயக்கித் தரும் டிரைவர் என்ற நிரல் 32 பிட்டாக இருந்தால் ஏறாது. ஆப்பிள் நிறுவனம் 2019 அக்டோபரில் வெளியிட்ட கேட்டலினா பதிப்பிலிருந்து மேக் கணினிகளில் 32 பிட் மென்பொருளே ஓடுவதில்லை. இத்தகைய இடத்தில் எந்த அமைப்பை மாற்றினாலும் பலன் இல்லை. பழைய இயங்குதளத்தை, கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் மெய்நிகர் கணினி ஒன்றில், இணையத்தோடு தொடர்பில்லாமல் வைத்து அதற்குள் ஓட்டுவதே நேர்மையான விடை. ஒரே ஒரு விலக்கு: சில பழைய மென்பொருள்களில் மென்பொருள் 32 பிட்டாக இருந்து, அதை நிறுவும் நிரல் மட்டும் 16 பிட்டாக இருக்கும். அங்கே தடைபடுவது நிறுவுதலே, மென்பொருள் ஓடக்கூடியதுதான்.

மூன்றாவதாக, குற்றம் சாட்டப்படும் மென்பொருள் குற்றவாளியாகவே இல்லாத நேரங்கள். திறக்கும்போதே மூடிக்கொள்ளும் மென்பொருளைப் பற்றி விண்டோஸ் ஒரு பதிவு எழுதிவைக்கிறது. விண்டோஸோடு வரும் ஈவென்ட் வியூவரில், அதைவிட எளிதாக ரிலையபிலிட்டி மானிட்டரில், அதைப் பார்க்கலாம். எந்த நிரல் நின்றது என்பதோடு, எந்தத் துணைக்கோப்புக்குள் இருக்கும்போது நின்றது என்பதும் அதில் இருக்கும். அந்த இரண்டாவது பெயர்தான் முக்கியம். சொற்செயலியோ வரைபட மென்பொருளோ திறக்கும்போதே இயல்பு அச்சுப்பொறியிடம் (டீஃபால்ட் பிரின்டர்) தாளின் அளவைக் கேட்பது வழக்கம். அச்சுப்பொறியின் டிரைவர் பழையதாக இருந்து புதிய இயங்குதளத்தில் தடுமாறினால், விழுவது சொற்செயலி. பதிவில் உள்ள துணைக்கோப்பின் பெயர் அச்சுப்பொறி நிறுவனத்துக்கு உரியதாக இருக்கும். பிடிஎஃப் கோப்பாக அச்சிடும் வசதியை இயல்பு அச்சுப்பொறியாக ஆக்கிவிட்டு மென்பொருளைத் திறந்து பாருங்கள். திறந்துகொண்டால் நீங்கள் நாட வேண்டியது புதிய டிரைவரை. சொற்செயலியை நூறு முறை நீக்கி நிறுவினாலும் இது தீராது.

இதே இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. புதிதாக இயங்குதளம் நிறுவிய கணினியில், இன்ன டிஎல்எல் கோப்பு (நிரலுக்குத் தேவையான துணைக்கோப்பு) இல்லை என்ற பிழைச் செய்தி அடிக்கடி வரும். உடனே அந்தக் கோப்பின் பெயரை இணையத்தில் தேடி, எங்கிருந்தோ தரவிறக்கி, சிஸ்டம் கோப்புறைக்குள் போட்டுவிடுகிறார்கள். யார் தொகுத்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத நிரலுக்குக் கணினியின் உள்ளறைச் சாவியைக் கொடுப்பது போன்றது அது. பெரும்பாலும் காணாமற்போயிருப்பது மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தானே இலவசமாகத் தரும் விஷுவல் சி++ துணைத்தொகுப்பாகவோ, டாட்நெட் 3.5 பதிப்பாகவோ இருக்கும். முன்பு வேறு ஏதோ மென்பொருள் அதைத் தன்னோடு கொண்டுவந்து நிறுவியிருந்தது. இப்போது அந்த வேறு மென்பொருள் கணினியில் இல்லை. 64 பிட் கணினியிலும் 32 பிட் மென்பொருளுக்கு அந்தத் தொகுப்பின் 32 பிட் வடிவமே வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

வலையமைப்பில் வரும் தடைகள் பெரும்பாலும் வேண்டுமென்றே போடப்பட்டவை. அலுவலக ஸ்கேனர், வருடிய தாளைக் கணினியின் பகிர்வுக் கோப்புறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இயங்குதளம் மாறியதும் அனுப்ப முடியவில்லை என்கிறது. பழைய ஸ்கேனர்கள், வலையமைப்பில் கோப்புகளைப் பகிர்வதற்கான எஸ்எம்பி முதல் பதிப்பு என்ற பழைய நெறிமுறையில் பேசுகின்றன. 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், புதிதாக நிறுவப்படும் கணினியில் அந்த நெறிமுறை வழியாகக் கோப்புறையைத் திறந்துவிடும் பகுதி இயல்பாகச் சேர்வதில்லை. அதே ஆண்டு மே மாதத்தில் உலகெங்கும் மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் முடக்கிய வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியது அந்த நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். நிறுத்திவைக்கப்பட்டதை மீண்டும் இயக்க வழி இருக்கிறது, அதைச் சொல்லித்தரும் குறிப்புகளும் ஏராளம். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்கேனர் மின்னஞ்சலுக்கோ பென் டிரைவுக்கோ அனுப்புமானால் அந்த வழிக்கு மாறிக்கொள்வது நல்லது. மறுப்பு ஏன் வந்தது என்று தெரியாமல் அதை நீக்குவது, மறுப்பே இல்லாமல் இருந்த காலத்து ஆபத்தையும் சேர்த்து அழைத்துக்கொள்வதாகும்.

பிழைச் செய்தியே வராத கோளாறுகளை இனிச் சொல்ல வேண்டும்; மற்ற எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது இவற்றை. புதிய இயங்குதளம் நிறுவும்போது வட்டார அமைப்பில் அமெரிக்க ஆங்கிலத்தைத் தேர்ந்துவிட்டால், தேதியில் மாதம் முன்னும் நாள் பின்னும் வரும். 3/4 என்ற பதிவை ஏப்ரல் 3 என்று படித்துவந்த பழைய மென்பொருள், மறுநாள் முதல் மார்ச் 4 என்று படிக்கும். 12-ஆம் தேதிக்கு மேற்பட்ட பதிவுகளில் மட்டுமே அது தடுமாறும் என்பதால், சில மென்பொருள்களில் பிழை மாதத்தின் நடுவில்தான் கண்ணில் படும். அதற்குள் எழுதப்பட்ட பதிவுகளில் எவை சரி, எவை தவறு என்று பிரிப்பது பெரும்பாடு. இயங்குதளம் மாற்றியவுடன் பழைய பதிவு ஒன்றைத் திறந்து, அதன் தேதியையும் தொகையையும் அச்சிட்ட தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சில நிமிட வேலை.

தமிழில் எழுதுபவர்களுக்கு இதன் இன்னொரு வடிவம் தெரிந்திருக்கும். ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முன் தட்டச்சு செய்த கோப்புகள், ஆங்கில எழுத்துகளுக்கோ பிற குறிகளுக்கோ உரிய எண்களின்மீது தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்களில் இருக்கின்றன. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லையெனில் கோப்பு முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவோ குறிகளாகவோ தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழிப்பவர்கள் உண்டு. கோப்பில் உள்ள எண்கள் எல்லாம் பத்திரமாகவே இருக்கின்றன; அதே எழுத்துருவை நிறுவினால் தமிழ் திரும்பிவிடும். பிறகு மாற்றி நிரல் ஒன்றின் துணையோடு ஒருங்குறிக்குக் கொண்டுவந்து, மூலக்கோப்பைத் தொடாமல் தனியே வைத்திருப்பது நல்லது. மூலக்கோப்பின் பழைய எழுத்துமுறை பாமினியா, டாப் குறிமுறையா, டிஸ்கியா என்று அடையாளம் காணாமல் மாற்றினால் மட்டும் உண்மையாகவே குழப்பம் நேரும்.

மேக் கணினியில் இதற்கு ஒப்பான அமைதியான மறுப்பு தனியுரிமை அனுமதியில் இருக்கிறது. கேட்டலினா முதல், டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் ஆகிய இடங்களைத் தொடுவதற்கு ஒவ்வொரு மென்பொருளும் அனுமதி கேட்க வேண்டும். முதன்முறை கேட்கும்போது அவசரத்தில் மறுத்துவிட்டால் அது மறுபடி கேட்பதில்லை. கோப்புறை காலியாக இருப்பது போன்றே தோன்றும். லினக்ஸில் நிலைமை ஒருவிதத்தில் எளிது. திறக்காத நிரலை, கட்டளைகளைத் தட்டச்சும் சாளரமான முனையத்திலிருந்து பெயர் தட்டச்சி இயக்கினால், எந்த நூலகம் இல்லை என்று அதுவே பெரும்பாலும் எழுதிக் காட்டிவிடும். உபுண்டு போன்றவற்றில் பதிப்பு மேம்படுத்தும்போது வெளியார் மென்பொருள் களஞ்சியங்கள் முடக்கப்படுகின்றன என்பதை நினைவில் வைத்தால் போதும்.

பொருந்துமுறை (கம்பாட்டிபிலிட்டி மோட்) பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. மென்பொருளின் பண்புகளில் பழைய விண்டோஸ் பதிப்பு ஒன்றைத் தேர்ந்தால், அந்தப் பழைய விண்டோஸே உள்ளே ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மென்பொருளிடம் சில சிறு பொய்களைச் சொல்கிறது. பதிப்பு எண் என்ன என்று கேட்டால் பழைய எண்ணைச் சொல்லும், சில அழைப்புகளுக்குப் பழைய பாணியில் விடையளிக்கும். பதிப்பு எண்ணை எண்ணாகக் கருதாமல் எழுத்துகளாக ஒப்பிட்டு, 10 என்பது 6-ஐவிடச் சிறியது என்று முடிவுகட்டும் மென்பொருளுக்கு அந்தப் பொய் போதும். மேக் இயங்குதளம் 10-லிருந்து 11-க்குத் தாவியபோது, பழைய மென்பொருள்களிடம் தன்னை 10.16 என்று அறிமுகப்படுத்திக்கொண்டதும் இதே காரணத்தால்தான். டிரைவர் இல்லாத கோளாறையோ 16 பிட் கோளாறையோ இந்தப் பொய்கள் தீர்க்காது. பதிப்புகளை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தைப் போக்குவதற்கு முன் இதை அறிந்திருப்பது நலம்.

இவற்றில் எது தங்கள் கணினியில் நேர்ந்திருக்கிறது என்று ஒருவர் எப்படி அறிவார் என்று கேட்கலாம். இரண்டு சோதனைகள் களத்தைப் பாதியாகக் குறைத்துவிடும், இரண்டும் எதையும் அழிப்பதில்லை. கணினியில் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதற்குள் சென்று மென்பொருளைத் திறந்து பார்ப்பது முதல் சோதனை. அங்கே ஒழுங்காக ஓடினால் மென்பொருளும் டிரைவர்களும் பெரும்பாலும் நலம். பழைய கணக்கில் உள்ள அமைப்புகளிலோ, மேகச் சேமிப்புக்கு இடம்மாறிய டாக்குமென்ட்ஸ் கோப்புறையின் பாதையிலோதான் சிக்கல். அங்கும் ஓடவில்லையெனில், பிற நிறுவனங்களின் பின்னணிச் சேவைகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கணினியைத் தொடங்கிப் பார்ப்பது இரண்டாவது. அப்போது ஓடினால், நிறுத்தியவற்றில் பாதியை இயக்குவது, கோளாறு திரும்பினால் அந்தப் பாதியில் பாதி என்று குறைத்துக்கொண்டே போகலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதைத் தாளில் எழுதிவைக்க வேண்டும். ஐந்தை ஒருசேர மாற்றிச் சரியானால் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த அப்டேட்டில் அது மறுபடி வரும்போது தொடக்கத்திலிருந்தே தேட வேண்டியிருக்கும்.

மென்பொருள் நிறுவனங்கள்மீதும் குறை உண்டு. எதிர்பாராத பிழை நேர்ந்தது என்று மட்டும் சொல்லும் செய்தியால் யாருக்கும் பயன் இல்லை. இன்ன கோப்பை இன்ன இடத்தில் எழுத முயன்றேன், மறுக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதுவது நிரலாளருக்குப் பெரிய வேலை அல்ல. அந்த ஒரு வரி இருந்தால் மேலே நான் எழுதியவற்றில் பாதி தேவைப்பட்டிருக்காது.

தங்கள் கணினிப் பகுதிக்கு என் வேண்டுகோள் இரண்டு. உதவி கேட்டு எழுதும் வாசகர்கள் பழைய, புதிய இயங்குதளங்களின் பதிப்பு, மேம்படுத்தலா புதுநிறுவலா என்பது, பிழைச் செய்தியின் வாசகம் எழுத்து பிசகாமல், புதிய பயனர் கணக்கில் சோதித்ததன் முடிவு ஆகியவற்றைச் சேர்த்து எழுதும்படி கேளுங்கள். பதில் சொல்பவருக்கு ஊகம் தேவைப்படாது. மற்றொன்று, விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மேம்படுத்தியவர் பழைய நிலைக்கே திரும்பும் வசதி இயல்பாக 10 நாள்கள் வரை மட்டுமே இருக்கிறது என்பதையும், விண்டோஸ் ஓல்ட் என்ற பெயரில் வட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் கோப்புறைதான் அந்த வசதி என்பதையும், வட்டைத் துப்புரவு செய்யும்போது அதை நீக்கினாலோ கணினியை ஃபார்மட் செய்தாலோ திரும்ப வழியில்லை என்பதையும், ஃபார்மட் செய்யச் சொல்லும் அந்த வரிக்கு முன்னால் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
கணினிப் பராமரிப்புப் பணியாளன்